நிலத்தைப் படித்தவர்: இராபர்ட் புரூஸ் ஃபூட்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஆறு இடம் மாறும், ஊர் அழியும், அரசு மறையும். பாறை மட்டும் தான் பிறந்த காலத்தையும் பட்ட பாட்டையும் தன்னுள் பதித்து வைத்திருக்கும். அந்தப் பதிவைப் படிக்கக் கற்றவர்கள் நிலவியலாளர்கள். இன்று நிலவின் முகத்தையும் செவ்வாயின் முகத்தையும் புதனின் முகத்தையும் வண்ணம் பிரித்து நிலவியல் வரைபடமாகத் தீட்டுகின்றனர். அக்கலை வானூர்தியிலோ விண்கலத்திலோ பிறந்ததன்று. சுத்தியலும் குறிப்பேடும் ஏந்தி வெயிலில் நடந்தவர்களின் காலடியில் பிறந்தது. தமிழ் மண்ணில் அவ்வாறு நடந்தவர்களுள் தலையாயவர் ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அடுக்கும் வரிசையும்

பல்லடம், திருப்பூர் வட்டாரத்துப் பின்னலாடைக் கூடங்களில் துணியை வெட்டுவதற்கு முன், நீண்ட மேசையின்மீது அதனை அடுக்கடுக்காக விரிப்பர். அடியில் கிடக்கும் துணி முதலில் விரித்தது. மேலே கிடப்பது இறுதியில் விரித்தது. அடுக்கு முழுவதையும் ஊடுருவி ஒரு வெட்டு விழுந்திருந்தால், எல்லாத் துணியும் விரிக்கப்பட்ட பின்னரே அவ்வெட்டு விழுந்தது என்பதைச் சொல்ல, விரித்தவரைக் கேட்க வேண்டியதில்லை. அடுக்கே சொல்லிவிடும்.

நிலவியலின் அடிப்படை விதிகள் இரண்டும் இவையே. குலையாத அடுக்குகளில் கீழே உள்ளது மூத்தது. மேலே உள்ளது இளையது. ஒன்றை வெட்டிச் செல்வது, வெட்டுண்டதைவிட இளையது. பல்லடத்துக் கல்குவாரிகளின் வெட்டுமுகத்தில் நின்று நோக்குவோர், கருமையும் வெண்மையும் மாறி மாறி வரும் பட்டைகளைக் கொண்ட நீஸ் பாறையைக் காணலாம். அப்பட்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெண்ணிறப் படிகக்கல் நரம்பு ஒன்று ஓடுமாயின், அது பின்னாளில் பிளவுகளின் வழியே புகுந்தது எனக் கொள்ளலாம். கிணறு தோண்டுவோரும் இவ்வரிசையை அறிவர். மேலே கரிசலோ செம்மண்ணோ, அதன்கீழ்ச் சுக்கான்கல், அதன்கீழ்ச் சிதைந்த பாறை, அடியில் கெட்டிப்பாறை என அவர்கள் சொல்லும் கணக்கு நிலவியலாளரின் கணக்கிலிருந்து வேறுபட்டதன்று.

ஒரு நாடு முழுவதும் இவ்வரிசையைத் தேடி நடந்து, எங்கு எப்பாறை தொடங்குகிறது, எங்கு முடிகிறது, எது எதன்மேல் கிடக்கிறது என்பதைத் தாளில் பதிப்பதே நிலவியல் வரைபடம். தென்னிந்தியாவிற்கு அத்தகைய வரைபடத்தை உருவாக்குவதில் முப்பதாண்டுகளுக்கும் மேலாக உழைத்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட்.

இளமையும் பணியேற்பும்

ஃபூட், 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் செல்ட்டன்காம் நகரில் பிறந்தார். அவர் வளர்ந்த காலம் நிலவியல் இளமையும் வேகமும் கொண்டிருந்த காலம். உலகின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்ற பழைய எண்ணத்தைப் பாறை அடுக்குகள் அசைத்துக்கொண்டிருந்தன. நிலக்கரியும் இரும்பும் தேவைப்பட்ட தொழில் உலகமும் நிலவியலாளர்களை அழைத்துக்கொண்டிருந்தது.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1851இல் தாமஸ் ஓல்டாமின் தலைமையில் தொடங்கப்பெற்றது. நிலக்கரிப் படுகைகளைக் கண்டறிவதே அதன் முதல் நோக்கம். ஆட்சியாளருக்கு அதனால் விளையக்கூடிய வருவாயே அத்துறையை வாழவைத்தது. எனினும், நிலக்கரி எங்குள்ளது என்பதை அறிய, அது எங்கு இல்லை என்பதையும் அறிய வேண்டும். அதற்கு நாடு முழுவதையும் வரைந்தாக வேண்டும். இத்தேவை இந்தியப் பாறைகள் பற்றிய முழுமையான அறிவுக்கு வழிதிறந்தது. 1858ஆம் ஆண்டு செப்டம்பரில் தம் இருபத்து நான்காம் அகவையில் ஃபூட் அத்துறையில் சேர்ந்தார். சென்னை மாகாணம் அவருக்குரிய களமாயிற்று.

வரைபடம் உருவான விதம்

அக்காலத்தில் ஒரு நிலவியலாளரின் ஆண்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. மழை ஓய்ந்து வெயில் தணிந்த மாதங்கள் களத்திற்குரியவை; கடுங்கோடையும் மழையும் அலுவலகத்திற்குரியவை. களப்பருவம் தொடங்கியதும் கூடாரங்களும் சமையல் கலங்களும் மாட்டு வண்டிகளில் ஏறும். நிலவியலாளர் குதிரையிலும் கால்நடையாகவும் செல்வார். நாளும் விடியலில் கிளம்பி, பாறை தலைகாட்டும் ஓடைக்கரைகளையும் குன்றுகளின் சரிவுகளையும் கிணற்று வெட்டுகளையும் தேடிச் செல்வதே அவரது பணி.

ஒவ்வோர் இடத்திலும் அவர் செய்ய வேண்டியவை சில. பாறையை உடைத்துப் புதிய முகத்தைக் காண வேண்டும். அதன் மணியளவு, நிறம், கனிமங்கள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அடுக்கு எத்திசையில் ஓடுகிறது, எத்திசையில் எவ்வளவு சாய்கிறது என்பதைத் திசைகாட்டியும் சாய்வுமானியும் கொண்டு அளக்க வேண்டும். அவ்வளவையும் நில அளவைத்துறையின் தாளில் உரிய இடத்தில் பதிய வேண்டும். இரண்டு பாறைகளுக்கு இடைப்பட்ட எல்லை மண்ணால் மூடிக் கிடக்குமாயின், இருபுறமும் கிடைத்த சான்றுகளைக் கொண்டு அதனை உய்த்துணர்ந்து புள்ளிக்கோடாக வரைய வேண்டும். கண்டது எது, கருதியது எது என்பதை வரைபடத்தைப் பார்ப்பவர் பிரித்தறிய வேண்டும் என்பதற்காகவே அப்புள்ளிக்கோடு. அறிவியலின் நேர்மை அச்சிறு புள்ளிகளில் அடங்கியிருக்கிறது.

ஃபூட்டின் கையில் இருந்த நில அளவைத் தாள்களுக்கும் ஒரு தமிழகத் தொடக்கம் உண்டு. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து, இந்தியாவின் பெரும் முக்கோண அளவைக்கு வித்திட்டார். லாம்டனின் வழிவந்தோர் நிலத்தின் உருவத்தை அளந்தனர். ஃபூட்டும் அவருடைய தோழர்களும் அவ்வுருவத்தின் உள்ளீட்டை வரைந்தனர்.

தம் உடன் பணியாளர் வில்லியம் கிங்குடன் சேர்ந்து திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியல் அமைப்பை ஃபூட் ஆராய்ந்தார். அவர்களது ஆய்வுரை 1860களின் நடுவில் வெளிவந்தது. இப்பணிகளில் பாறை உடைத்தவர்களும் சுமை தூக்கியவர்களும் வழிகாட்டியவர்களும் இந்நாட்டு எளிய மக்களே. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் அறிக்கைகளில் இடம்பெறவில்லை. வரைபடத்தின் ஒவ்வொரு கோட்டிலும் அவர்களது உழைப்பு கலந்திருக்கிறது.

பல்லாவரத்தில் கிடைத்த கல்

1859ஆம் ஆண்டு ஐரோப்பிய அறிவுலகில் ஒரு பெரும் வழக்கு முடிவுக்கு வந்திருந்தது. பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதர் செதுக்கிய கருவிகளும் கிடைப்பதாகப் பூஷே தெ பெர்த் என்பார் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார். பலரும் அதனை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் நிலவியலாளர்கள் நேரில் சென்று, கருவி கிடந்த அடுக்கையே ஆராய்ந்த பின்னர்தான் மனித இனத்தின் தொன்மை ஒப்புக்கொள்ளப்பட்டது. அச்செய்தி கடல் கடந்து சென்னைக்கும் வந்தது. ஐரோப்பாவில் அத்துணைத் தொன்மையான மனிதர் வாழ்ந்தனர் என்றால், இந்தியாவில் வாழ்ந்திருக்க மாட்டார்களா என்னும் வினா ஃபூட்டின் உள்ளத்தில் ஊன்றியது. அன்று முதல் பாறையைத் தேடிய கண்கள் கருவியையும் தேடின.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னைக்குத் தெற்கேயுள்ள பல்லாவரத்தில், படையணி மைதானத்தை ஒட்டிச் சரளைக்காக வெட்டப்பட்டிருந்த ஒரு பள்ளத்தில், செதுக்கப்பட்ட கல்லொன்றை அவர் கண்டெடுத்தார். அது கைக்கோடரி. இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுவே.

பள்ளத்தில் கிடக்கும் கல்லொன்றைக் கருவி என்று எவ்வாறு துணிவது? ஆற்றில் உருண்டாலும் கல் உடையும், வெயிலிலும் உடையும், சரளை வெட்டுவோரின் கருவி பட்டாலும் உடையும். இக்கேள்விக்கு விடை கல்லிலும் மண்ணிலும் இருந்தது. இயற்கையில் உடையும் கல் ஒழுங்கின்றி உடையும். கைக்கோடரியிலோ இருபக்கமும் சில்லுகள் முறையாகப் பெயர்க்கப்பட்டு, ஒரு முனை கூர்மையாகவும் விளிம்புகள் இணையாகவும் அமைந்திருக்கும். அது குவார்ட்சைட் என்னும் கடும்பாறையால் ஆனது. பல்லாவரத்துக் குன்றின் பாறையோ வேறு. ஆகவே அக்கல் குன்றிலிருந்து சரிந்து விழுந்ததாகவும் இருக்க முடியாது. எங்கு எப்பாறை உள்ளது என்பதை அறிந்த கண்ணுக்கே, இக்கல் இவ்விடத்திற்குரியதன்று என்பது புலப்படும். வரைபடம் வரைந்த பயிற்சியே கருவியை இனங்காண உதவியது.

தெரியுமா?

பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையால் ஆனது. அதனை ஒட்டி, தாமஸ் ஹாலண்ட் என்னும் நிலவியலாளர் 1893இல் இப்பெயரைச் சூட்டினார். உலகின் எப்பகுதியில் இப்பாறை கிடைத்தாலும் இப்பெயராலேயே வழங்குகிறது.

அத்திரம்பாக்கம்: அடுக்கு அளித்த சான்று

ஒரு கல்லை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் வரலாற்றைத் திருத்த இயலாது. பல்லாவரத்துக் கல் வெட்டப்பட்ட பள்ளத்தில் கிடைத்தது. அது முதலில் எந்த அடுக்கில் புதைந்திருந்தது என்பதைக் காட்ட வேண்டும். அதனைக் காட்டும் இடம் அவ்வாண்டு செப்டம்பரிலேயே கிடைத்தது. வில்லியம் கிங்குடன் சென்னைக்கு வடமேற்கே கொற்றலையாற்றுப் படுகையை ஆராய்ந்தபோது, அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூரின் அருகே ஓடை அரித்த கரைகளில் ஏராளமான கற்கருவிகளை அவர்கள் கண்டனர்.

இங்குக் கருவிகள் மேற்பரப்பில் மட்டும் கிடக்கவில்லை. செம்புரைக்கல் என்று மக்கள் வழங்கும் லேட்டரைட் சரளை அடுக்கினுள்ளும் அவை புதைந்திருந்தன. அச்சரளை அடுக்கு உருவாவதற்கு முன்போ, உருவாகும்போதோ மனிதர் அங்கிருந்தனர் என்பது இதனால் பெறப்பட்டது. கருவி செய்யப் பயன்பட்ட குவார்ட்சைட் கூழாங்கற்களின் பிறப்பிடமும் அருகிலிருந்த அல்லிக்குழி மலைத்தொடரில் காணப்பட்டது. மூலப்பொருள், கருவி, அது புதைந்த அடுக்கு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சான்றாயின. 1866இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழ் ஒன்றில் ஃபூட் தம் கண்டுபிடிப்புகளை விரிவாக வெளியிட்டார். இக்கருவி மரபு பின்னாளில் சென்னைக் கற்கருவி மரபு என்று பெயர் பெற்றது.

அவரால் சொல்ல இயலாத ஒன்றும் இருந்தது. அது ஆண்டுக் கணக்கு. அடுக்குகளைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது எனச் சொல்லலாம். எத்தனை ஆண்டுகள் எனச் சொல்ல முடியாது. அதற்குரிய கருவிகள் அக்காலத்தில் எங்கும் இல்லை. இல்லாத எண்ணை அவர் புனைந்துரைக்கவில்லை. கிடந்த இடத்தையும் அடுக்கையும் பிழையின்றிப் பதிந்து வைத்தார். அப்பதிவே பின்வந்தோருக்கு வழிகாட்டியது. 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் அத்திரம்பாக்கத்தில் நடத்திய அகழாய்வுகளில், விண்கதிர்கள் கல்லில் உண்டாக்கும் அணுக்களை அளந்தும், மண்ணில் உறைந்த காந்தத் தன்மையை ஆராய்ந்தும் காலம் கணிக்கப்பட்டது. அங்குக் கிடைத்த மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்னும் முடிவு 2011இல் வெளியானது. ஃபூட் மறைந்து ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், அவர் குறித்த வரிசைக்கு எண் கிடைத்தது.

தென்னாடு முழுவதும்

கருவிகளின் புகழ் ஃபூட்டை அவருடைய அலுவலிலிருந்து விலக்கவில்லை. கிருட்டிணை ஆற்றுக்கு அப்பாலுள்ள தென் மராட்டிய நாட்டின் நிலவியலை ஆராய்ந்து 1876இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். அப்பகுதியில் கோகாக் அருகே, அழிந்துபோன காண்டாமிருக இனம் ஒன்றின் புதைபடிவ எலும்புகளையும் கண்டெடுத்து விளக்கினார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் அமைப்பை விளக்கும் அவருடைய ஆய்வுரை 1883இல் வந்தது. தென்கோடியின் செந்நிறத் தேரி மணற்குன்றுகளும் அவர் பார்வைக்குத் தப்பவில்லை. சாயர்புரம் தேரியில் சிறிய கற்கருவிகள் கிடைப்பதை அவர் பதிவு செய்தார்.

பாறைகளைப் பிரித்து வகைப்படுத்துவதில் அவருடைய பெரும்பங்களிப்பு தார்வார் பாறைத்தொகுதியாகும். மைசூர், தார்வார், பெல்லாரிப் பகுதிகளில் நீஸ் பாறைகளுக்கிடையே நீண்ட பட்டைகளாகக் கிடக்கும் பழைமையான பாறைகளை அவர் தனித்தொகுதியாகப் பிரித்து 1880களில் அப்பெயரிட்டார். தென்னிந்தியாவின் பொன் விளையும் பாறைகள் பெரும்பாலும் இத்தொகுதியைச் சார்ந்தவை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். பொன்னைத் தேடியவர்கள் கண்மூடித் தோண்டாமல், வரைபடத்தைப் பார்த்துத் தோண்ட இது வழிசெய்தது.

பெல்லாரிப் பகுதியில் பெரும் சாம்பல் மேடுகள் உள்ளன. அவை எரிமலையின் எச்சமோ எனப் பலரும் ஐயுற்றிருந்தனர். அவற்றில் புதிய கற்கால மக்களின் கருவிகளையும் பானை ஓடுகளையும் கண்ட ஃபூட், அவை கால்நடைகளின் சாணம் குவிந்து எரிந்ததால் உண்டானவை எனக் கருதினார். 1960களில் ரேமண்ட் ஆல்ச்சின் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை உறுதிப்படுத்தியது. ஆநிரை வளர்த்த அம்மக்களின் தொழுவங்களே சாம்பல் மேடுகளாயின.

கர்நூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகளில் 1880களில் நடைபெற்ற அகழாய்வு அவருடைய மற்றொரு பெரும்பணி. படைத்துறையில் அலுவலராயிருந்த அவருடைய மகன் ஹென்றியும் அதில் பங்கேற்றார். அழிந்த விலங்குகளின் எலும்புகள் பல அங்குக் கிடைத்தன.

ஃபூட்டின் எல்லா முடிவுகளும் நிலைத்துவிடவில்லை. பழைய கற்கால மக்களுக்கும் புதிய கற்கால மக்களுக்கும் இடையே நீண்ட வெற்றிடம் இருந்ததாக அவர் எண்ணினார். பின்வந்த ஆய்வுகள் அவ்விடைவெளியை இடைக்கற்காலச் சான்றுகளால் நிரப்பின. முடிவு மாறியபோதும் அவர் தொகுத்த சான்றுகள் மாறவில்லை. நல்ல வரைபடத்தின் இயல்பு அதுவே. விளக்கம் பழையதானாலும் பதிவு பயன்படும்.

தமிழோடு ஓர் உறவு

ஃபூட், பீட்டர் பெர்சிவலின் மகளை மணந்தார். பெர்சிவல் தமிழுலகம் நன்கறிந்த பெயர். யாழ்ப்பாணத்தில் கல்விப்பணி ஆற்றியவர். ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். தினவர்த்தமானி என்னும் இதழை நடத்தியவர். தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்து வெளியிட்டவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவர். மாமனார் மக்களின் நாவில் வழங்கிய பழமொழிகளைத் திரட்டினார். மருமகன் மண்ணில் கிடந்த கருவிகளைத் திரட்டினார். பெயரறியா மனிதர் விட்டுச்சென்ற அறிவைப் பேணிக்காத்த பணியே இருவருடையதும்.

ஃபூட் 1891இல் நிலவியல் ஆய்வுத்துறையிலிருந்து ஓய்வு பெற்றார். எனினும் சுத்தியலுக்கு ஓய்வு தரவில்லை. பரோடா அரசிற்காக அந்நாட்டின் நிலவியலை ஆராய்ந்தார். 1894இல் மைசூர் அரசு நிலவியல் துறையை நிறுவியபோது அதன் முதல் தலைவராகவும் பொறுப்பேற்றார். பின்னர்ச் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் தங்கி வாழ்ந்தார்.

நாட்டிற்கு விட்டுச்சென்ற செல்வம்

நாற்பதாண்டுகளுக்கும் மேலாகத் திரட்டிய கருவிகளும் பானை ஓடுகளும் அணிகலன்களும் ஏற்காட்டு இல்லத்தில் குவிந்திருந்தன. தென்னிந்தியாவிலும் குசராத்துப் பகுதியிலும் நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கிடைத்தவை அவை. அக்காலத்தில் இத்தகைய தொகுப்புகள் பல கப்பலேறி அயல்நாட்டு அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன. ஃபூட்டின் தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் விலைகொடுத்து வாங்கியது. அதனால் தமிழகத்தின் தொன்மைக்கான முதற்சான்றுகள் தமிழகத்திலேயே தங்கின.

பொருளைக் கொடுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. முதுமையிலும் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, எங்குக் கிடைத்தது, எவ்வகைக் கல்லால் ஆனது என்பதைக் குறித்து அட்டவணை எழுதினார். இடம் தெரியாத கருவி வெறும் கல். இடம் தெரிந்த கருவி வரலாறு. இதனை அவரைவிட நன்கறிந்தார் இலர். அவ்வட்டவணை அச்சேறுவதற்கு முன்பே, 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் காலமானார். அவரது நினைவிடம் ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலய வளாகத்தில் உள்ளது. அட்டவணை 1914இலும், அதன் விளக்கக் குறிப்புகள் 1916இலும் வெளிவந்தன. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என அறிஞர் அவரைப் போற்றுகின்றனர்.

புவியிலிருந்து கோள்களுக்கு

ஃபூட் நடந்து வரைந்த முறையே இன்று பிற கோள்களின் நிலவியலுக்கும் அடிப்படையாக உள்ளது. 1960களின் தொடக்கத்தில் யூஜீன் சூமேக்கர் முதலிய அமெரிக்க நிலவியலாளர்கள் நிலவின் ஒளிப்படங்களில் அடுக்கு வரிசையைத் தேடினர். ஒரு விண்கல் மோதினால் பள்ளம் தோன்றும். அதிலிருந்து சிதறிய துகள்கள் சுற்றிலும் போர்வைபோல் படியும். ஒரு பள்ளத்தின் போர்வை மற்றொரு பள்ளத்தை மூடியிருந்தால் மூடியது இளையது. எரிமலைக் குழம்பு ஒரு பள்ளத்தை நிரப்பியிருந்தால் குழம்பு இளையது. துணி அடுக்கின் விதியும் செம்புரை அடுக்கின் விதியும் அங்கும் செல்லுபடியாகின்றன.

பள்ளங்களின் எண்ணிக்கையும் சான்றாகும். நெடுங்காலம் மழையில் நின்ற மணல்மேட்டில் துளிகளின் தடம் மிகுந்திருப்பதுபோல, பழைய நிலப்பரப்பில் மோதற்பள்ளங்கள் மிகுந்திருக்கும். புதிய பரப்பில் குறைந்திருக்கும். அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த பாறைகளின் வயது ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்ட பின்னர், வரிசைக்கு ஆண்டுக்கணக்கும் கிடைத்தது. புதன் கோளின் ஒரு பாதிக்கும் குறைவான பரப்பை 1974, 1975ஆம் ஆண்டுகளில் மரைனர் 10 கலம் படமெடுத்தது. 2011 முதல் 2015 வரை அக்கோளைச் சுற்றிய மெசஞ்சர் கலம் அதன் முழுப்பரப்பையும் படமாக்கியது. நிலவின் முழுமையான நிலவியல் வரைபடம் ஒன்று 2020இல் வெளியிடப்பட்டது. புவியிலும் விண்கற்கள் மோதியதுண்டு. எனினும் மழையும் காற்றும் ஆறும் நிலத்தட்டுகளின் நகர்வும் அத்தழும்புகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டன. மராட்டிய மாநிலத்து லோனார் ஏரி அழியாது எஞ்சிய சிலவற்றுள் ஒன்று.

நிலவுக்கும் தமிழகப் பாறைக்கும் நேரடி உறவும் உண்டு. நிலவின் வெண்மையான மேட்டு நிலங்கள் அனார்த்தோசைட் என்னும் பாறை வகையால் ஆனவை. அவ்வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. ஃபூட் காலத்தில் அப்பகுதி சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. சந்திரயான்–2 திட்டத்திற்காக அப்பாறையைப் பொடித்து நிலவு மண்ணைப் போன்றதொரு மண்ணை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. தரையிறங்கு கலமும் உலவியும் அம்மண்ணில் சோதிக்கப்பட்டன. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்–3 நிலவில் இறங்கியபின், அதன் பிரக்யான் உலவி ஆராய்ந்த நிலவு மண்ணும் அனார்த்தோசைட்டுக்கு நெருங்கிய இயைபுடையதாகவே இருந்தது. கொங்கு நாட்டுப் பாறையை அறிந்தவர்களால் நிலவின் மண்ணை முன்கூட்டியே உருவாக்க முடிந்தது.

தெரியுமா?

புதன் கோளின் பள்ளங்களுக்குக் கலைஞர்கள், கவிஞர்களின் பெயர்கள் சூட்டப்படுகின்றன. அவற்றுள் ஒன்று திருவையாற்றில் வாழ்ந்த இசைமேதை தியாகராசரின் பெயரைத் தாங்கியுள்ளது. வால்மீகி, வியாசர், காளிதாசர் ஆகியோர் பெயர்களிலும் பள்ளங்கள் உள்ளன.

நிறைவாக

ஃபூட் அயல்நாட்டு அரசின் அலுவலர். அவர் வரைந்த தாள்கள் அவ்வரசின் வருவாய்க்கும் பயன்பட்டன. அதே தாள்கள் இந்நிலத்து மனிதரின் தொன்மையையும் உலகிற்கு அறிவித்தன. அவருக்கு முன் எத்தனையோ பேர் பல்லாவரத்துச் சரளையைக் கடந்து சென்றிருப்பர். கல் அங்கேயே கிடந்தது. அதைக் கேட்கும் வினா அவரிடம் இருந்தது.

இன்று நிலம் விரைவாக மாறி வருகிறது. குன்றுகள் சல்லியாகின்றன, ஏரிக்கரைகளின் சரளை சாலைகளுக்கு அடியில் சென்றுவிடுகிறது. தொழில் வளர வீடும் சாலையும் வேண்டும்; அவற்றிற்குக் கல்லும் வேண்டும். ஆயினும் குலைந்த அடுக்கை மீண்டும் அடுக்க இயலாது. கலைந்த அடுக்கிலிருந்து எடுத்த கருவிக்குக் காலம் சொல்லவும் இயலாது. திருப்பூர் மாவட்டத்துப் படியூரில் பச்சைமணிக்கல் வெட்டப்பட்டதும், நொய்யல் கரையின் கொடுமணலில் பழங்காலத்தில் மணிகள் செய்யப்பட்டதும் இவ்வட்டாரத்துப் பாறையும் வரலாறும் பிணைந்திருப்பதைக் காட்டுகின்றன. தோண்டுவதற்கு முன் பார்ப்பதும், பார்த்ததைப் பதிவதும், பதிந்ததைப் பொதுவில் வைப்பதும் ஃபூட்டின் வாழ்வு கற்றுத்தரும் மூன்று நெறிகள். அவற்றைக் கைக்கொள்ளப் பெரும்பதவி வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் கூர்ந்த பார்வையும் போதும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உள்ள கிணறு, ஓடைக்கரை அல்லது சாலை வெட்டு ஒன்றைப் பெரியோர் துணையுடன் பாதுகாப்பான தொலைவில் நின்று உற்றுநோக்குக. மண், கல் அடுக்குகளை மேலிருந்து கீழாக வரைந்து, எது மூத்தது, எது இளையது எனக் குறிக்க.

2. நிலவின் ஒளிப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று அமைந்த இரு பள்ளங்களைக் கண்டறிந்து, அவற்றின் கால வரிசையைக் காரணத்துடன் வகுப்பில் விளக்குக.

3. கிணறு தோண்டுவோர், கல் உடைப்போர் ஆகியோரிடம் வழங்கும் மண், பாறைப் பெயர்களைத் திரட்டிச் சிறு சொல்தொகுப்பு ஒன்றை உருவாக்குக.

4. கல்லுடைக்கும் தொழிலும் தொல்லியல் சான்றுகளைப் பேணுதலும் ஒருசேர நடைபெற வழிகள் யாவை? கலந்துரையாடிக் கட்டுரையாக்குக.